வேளச்சேரி ஈன்றெடுத்த வெள்ளமே!

வெளியே போகும் எந்தத் தாளிலும் மூன்று பேர் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது முப்பத்து நான்கு வருஷ அரசு உத்தியோகத்தில் நான் கற்ற ஒரே வேதம். எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். இந்த மூவரும் இல்லாமல் ஊருக்குள் உலவ விடப்படும் ஒரே ஆவணம் கல்யாண வாழ்த்துப்பாதான். எழுதியவரே சரிபார்த்து, எழுதியவரே ஒப்புதல் அளித்து, எழுதியவரே மைக்கைப் பிடுங்கி வாசித்தும் விடுகிறார். விளைவை மணமக்கள் அனுபவிக்கிறார்கள்.

இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. வாக்குமூலமாகச் சொல்கிறேன். எழுதியது நான். மணமகன் என் ஒரே பிள்ளை.

கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யாருக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டுமானாலும், பெயரில் ஓர் எழுத்து மாற்ற வேண்டுமானாலும் முதலில் எங்கள் வீட்டு அழைப்பு மணியைத்தான் அடிப்பார்கள். எந்த அலுவலகம், எத்தனையாவது ஜன்னல், எத்தனை நகல், எந்த நகலில் மட்டும் கையெழுத்து நீல மையில் இருக்க வேண்டும் என்பது வரை சொல்லி அனுப்புவேன். (யாரும் கேட்காதபோதும் சொல்வேன். அது வேறு விஷயம்.)

என் கணவர் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கல்யாண வரவேற்பிலும் ஒரு வாழ்த்துப்பா வாசிக்கப்பட வேண்டும். வழவழப்பான தாளில், நான்கு மூலையிலும் பூரண கும்பம் அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் படித்துவிட்டு மணமக்கள் கையில் கொடுப்பார்கள். அவர்கள் அதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். குடும்பத்தின் நிரந்தரக் கவிஞர் இவருடைய பெரியப்பா மகன். எல்லாக் கல்யாணத்துக்கும் அவரிடம் ஒரே பாட்டுதான். பெயர் மட்டும் மாறும். பெயர் நீளமாக இருந்தால் எதுகை இடிக்கும், ஓசை நொண்டும். முப்பது வருஷமாக நான் முன்வரிசையில் உட்கார்ந்து அந்தக் குறையை உரக்கச் சொல்லி வந்தேன்.

என் பிள்ளை கார்த்திக்கின் கல்யாணம் நிச்சயமானபோது அந்தக் கவிஞருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. யார் எழுதுவது என்று பேச்சு வந்ததும் இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இத்தனை வருஷமா குத்தம் சொன்னியே, நீயே எழுதேன்" என்றார். அது கிண்டல் என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. நான் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டேன்.

கோப்பு திறந்தேன். மேலே பொருள் எழுதினேன். எதுகை, மோனை, அணி, புராணக் குறிப்பு என்று நான்கு இனம் பிரித்தேன். புராணக் குறிப்பு இல்லாத வாழ்த்துப்பா, இணைப்பு வைக்காத விண்ணப்பம் மாதிரி. எடுத்தவுடன் திருப்பி அனுப்பிவிடலாம். ஆகவே முதல் வேலையாகப் புராணத் தம்பதிகளை வரிசைப்படுத்தி, எதிரே குறிப்புரை எழுதத் தொடங்கினேன்.

ராமன், சீதை. ஊரே உவமை சொல்லும் ஜோடி. ஆனால் காடு, கடத்தல், தீ, மறுபடியும் காடு. நிராகரிக்கப்பட்டது. நளன், தமயந்தி. தூங்கும் மனைவியை நடுக்காட்டில் விட்டுப் போனவர். போகும்போது அவள் சேலையில் பாதியைக் கிழித்தும் கொண்டார். நிராகரிக்கப்பட்டது. அரிச்சந்திரன், மனைவியை விற்றவர். உண்மை பேசியது கூடுதல் தகுதி, போதாது. சத்தியவானுக்கு ஆயுள் ஒரு வருஷம் என்று கல்யாணத்துக்கு முன்பே தெரியும். துஷ்யந்தன் மனைவியையே மறந்தவர். (எல்லாக் கணவர்களுக்கும் பொருந்துவதால் இதைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று இவர் பரிந்துரைத்தார். ஏற்கப்படவில்லை.) முருகன், எண்ணிக்கை கூடுதல். பாண்டவர், எண்ணிக்கை கூடுதல், எதிர்த்திசையில். வசிட்டரும் அருந்ததியும் எல்லா வகையிலும் தகுதியானவர்கள்தான். ஆனால் கார்த்திக்குக் கொஞ்சம் தாடி, கொஞ்சம் தொப்பை. வசிட்டர் என்று சொன்னால் பெண் வீட்டார் நம்பிவிடும் ஆபத்து இருந்தது.

கடைசியாக சிவன். பாதி உடம்பையே மனைவிக்குக் கொடுத்தவர். இதைவிட நல்ல விண்ணப்பதாரர் யார்? ஒப்புதல் எழுதப் போகும்போதுதான் அவர் தலையில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பது நினைவு வந்தது.

கங்கை. பொறி தட்டியது அங்கேதான்.

கார்த்திக்கும் நித்யாவும் ஒரே ஐ.டி. கம்பெனியில் வேலை செய்தவர்கள். நித்யாவின் அப்பாவைச் சம்மதிக்க வைக்க என் பிள்ளை இரண்டு வருஷம் அலைந்தான். பகீரதப் பிரயத்தனம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். பகீரதன் தவம் செய்தான், கங்கை இறங்கி வந்தாள். கார்த்திக் தவம் செய்தான், நித்யா வருகிறாள். எவ்வளவு கச்சிதம்! எனக்குப் புராணம் அந்த இடம் வரைதான் தேவைப்பட்டது. அதனால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டேன். ஒரு பெயரைக் கூப்பிட்டால் அந்தக் கதை முழுவதும் குடும்பத்தோடு கிளம்பி வந்து பந்தியில் உட்காரும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அடுத்து ஓசை. முதல் அடியில் மணமகளின் ஊர் வர வேண்டும். ஊர் வேளச்சேரி. 'வே'க்கு மோனையாக 'வெ' வரலாம். கங்கை ஏற்கெனவே கையில் இருக்கிறாள். வெள்ளம் என்ற சொல் யாரும் அழைக்காமல் தானாக வந்து நின்றது. சமையலறையில் தனியாக நின்று எனக்குக் கண் கலங்கியது.

நான் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். வேளச்சேரி, வெள்ளம் என்ற இரண்டு சொற்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், மழைக்கு மழை மூழ்கும் இந்த ஊரில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட என்ன தோன்றும்? எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அடடா, மோனை.

நான்கு அடியும் முடிந்ததும் சரிபார்த்தேன். எதுகை நான்கு இடத்திலும் சரி. மோனை நான்கு அடியிலும் சரி. புராணக் குறிப்பு உண்டு. அணி, உருவகம். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். பொருள் என்று ஒரு கட்டம் என் படிவத்தில் இல்லை.

கோயில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அச்சகத்தில் கொடுத்தேன். அங்கே கம்ப்யூட்டரில் தட்டிய பெரியவர் முதல் வரியிலேயே கையை எடுத்துவிட்டார்.

"மேடம், வேளச்சேரின்றீங்க, வெள்ளம்ன்றீங்க. பொண்ணு வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

அது உருவகம் என்று விளக்கினேன்.

"அது இன்னாவோ மேடம். எனுக்கு பயமா கீது."

எழுத்துப்பிழை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆவணத்தைச் சரிபார்த்த ஒரே மனிதர் அவர். அவர் எழுப்பிய ஆட்சேபத்தை நான் பதிவுகூடச் செய்யவில்லை.

இப்போது நித்யாவின் அப்பா ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேளச்சேரியில் தரைத் தளத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். வீடு அதற்குப் பின்கட்டில். மனைவி இல்லை. நித்யாவை வளர்த்தது அவரும், அவர் மனைவியின் அக்கா பொன்னி டீச்சரும். சென்னையே மூழ்கிய அந்தப் பெருமழை வருஷத்தில் பட்டறையில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு நின்றது. கல்யாணப் பேச்சு ஒரு வருஷம் தள்ளிப்போனது அதனால்தான். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று என் கணவருடைய தங்கை கணவர், பெரிய நகைச்சுவையாக நினைத்து, வீட்டுக்கு ஒரு படகும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஏகாம்பரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் கண்ணுக்குப் போகவில்லை என்பதை அன்று கவனித்தேன். கவனித்ததை எந்தக் கோப்பிலும் சேர்க்கவில்லை.

தி. நகர் கல்யாண மண்டபம். மறுநாள் காலை முகூர்த்தம். முந்தைய நாள் மாலை வரவேற்பு. ஏழு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. நான் பட்டுப்புடவையில், கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் ஏந்தி மேடை ஏறினேன். மெல்லிசைக் குழுவை நிறுத்தச் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். கீழே வருவது சுத்தப் பிரதி.

வேளச்சேரி ஈன்றெடுத்த வெள்ளமே! வேகமுடன்
நாளெல்லாம் பெருகிவரும் நன்னீரே! கங்கையே!
தோளுயர்த்தித் துணிந்தழைத்த பகீரதன் துணையாக
ஆளவந்தாய் எங்களில்லம் அடிமுதலாய் நனைந்திடவே!

முதல் அடி முடிந்ததும் இடதுபக்கம் உட்கார்ந்திருந்த பெண் வீட்டார் வரிசையில் ஒரு சலனம். ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அதையே இரண்டாம் முறை, கொஞ்சம் ராகம் போட்டு வாசித்தேன். நான்காம் அடியில் நான் சொல்ல வந்தது, அன்பால் இல்லம் முழுதும் நனைய வேண்டும் என்பது. 'அன்பால்' இடிக்கவே எடுத்துவிட்டிருந்தேன். வாசித்து முடித்தேன். பிறகு எங்கள் பக்கத்திலிருந்து அதே தங்கை கணவர் குரல். "படகு எப்போ வரும்?" எங்கள் உறவினர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெண் வீட்டார் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த நொடியில்தான் எனக்கு உண்மையாகவே புரிந்தது. 'வெள்ளம் போல வந்தாய்' என்றால் அது உவமை. ஆபத்து வந்தால் அந்தப் 'போல'வுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். 'வெள்ளமே' என்று கூப்பிட்டுவிட்டால் கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளே நீங்களும் வெள்ளமும்தான்.

முன்வரிசையில் பொன்னி டீச்சர் இருந்தார். தமிழாசிரியையாக ஓய்வு பெற்றவர். பக்கத்தில் இருந்தவர்கள் அர்த்தம் கேட்க, அவர் வகுப்பில் சொல்லும் அதே குரலில் விளக்கினார். அந்தக் குரல் நாலு வரிசைக்குக் கேட்கும். கங்கை எதற்காகப் பூமிக்கு வந்தாள்? பகீரதனின் முன்னோர்கள் அறுபதாயிரம் பேர் ஒரு முனிவரின் பார்வையில் எரிந்து சாம்பலாகிக் கிடந்தார்கள். அந்தச் சாம்பலைக் கரைக்கத்தான் வந்தாள். ஆகவே பாட்டின்படி மாப்பிள்ளை வீடு என்பது ஒரு சாம்பல் மேடு. நம் பெண் அங்கே போவது கருமாதி செய்ய.

முன்வரிசையின் இன்னொரு கோடியில் என் மாமனார் இருந்தார். எண்பத்தாறு வயது. காது நன்றாகக் கேட்கும்.

"அப்போ சாம்பல் யாரும்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நான் இன்னும் இருக்கேனே."

டீச்சர் நிறுத்தவில்லை. இறங்கும் வேகத்தில் பூமியே பிளந்துவிடும் என்பதால் கங்கையைச் சடையில் கட்டிப்போட வேண்டியிருந்தது; அவ்வளவு திமிர். பிறகு ஒரு ராஜாவைக் கல்யாணம் செய்துகொண்டு, பெற்ற ஏழு குழந்தைகளையும் ஆற்றில் விட்டாள். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி தீர்ப்பு சொன்னார். "புகழ்ற மாதிரி திட்டறதுக்குத் தமிழ்ல ஒரு அணி இருக்கு. வஞ்சப்புகழ்ச்சின்னு பேரு. இந்தம்மா அதுல கெட்டிக்காரங்க."

என் வாழ்நாளில் என் கவித்திறனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதுவும் தவறான அணிக்கு.

ஏகாம்பரம் மேடையோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, "சம்பந்தியம்மா, ஒரு நிமிசம்" என்று மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து எனக்குப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"தண்ணி வந்த அன்னிக்கு பட்டறையில நாப்பத்தாறு மோட்டார் இருந்துச்சு. எல்லாம் ஊராருது. ஒண்ணு வுடாம பிரிச்சு, காய வச்சு, திரும்ப கட்டிக் குடுத்தேன். ஒரு வருசம் ஆச்சு. அப்போ யாரும் பாட்டு எழுதல. இப்போ நீங்க எழுதிகீறீங்க, என் பொண்ணு பேர வச்சு." தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "எனுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். காலைல தாலி கட்றதுக்கு முன்னாடி தெரியணும். தெரிஞ்சுதான் எழுதினீங்களா? உங்க வூட்ல என் பொண்ண இப்படித்தான் பேசிக்கினு இருப்பீங்களா?"

இதற்கு ஒரு மனுஷி என்ன பதில் சொல்ல வேண்டும்? மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது, "அது உருவகம், சம்பந்தி." அதோடு நிறுத்தாமல், திருத்தம் வெளியிடத் தயார் என்றும் அறிவித்தேன். முதல் அடியில் 'வெள்ளமே' என்பதை 'வெள்ளியே' என்று திருத்தி வாசிக்கவும், மோனை கெடாது.

"பேப்பர்ல வர்ற திருத்தத்த யாரும்மா படிக்கிறாங்க?" என்றார் அவர்.

மேடையின் பக்கவாட்டில் ஒரு திறப்பு. அது வழியாக மண்டபம் தெரிந்தது. பெண் வீட்டுப் பெண்கள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ வேன் டிரைவருக்குப் போன் போட்டு எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். மேடையில் மாலையோடு நின்ற கார்த்திக் எங்களைத் தேடினான். இரண்டு வருஷம் அலைந்த பிள்ளை. நான்கே அடியில் அவன் தவத்தைக் கலைத்தவள் பெற்ற தாய் என்று ஊர் சொல்லும். புராணத்தில்கூட அப்படி ஒரு தாய் கிடையாது. நான்தான் வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேனே.

அப்போது நித்யா வந்தாள். மாலை கனத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தாள். பின்னால் வீடியோக்காரர், இதுவும் நிகழ்ச்சி நிரலில் உண்டு என்று நினைத்து விளக்கைப் பிடித்துக்கொண்டு. பின்னாலேயே பொன்னி டீச்சரும் வந்தார்.

"பெரியம்மா, கங்கை கதைய நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த. பாதியில வுட்டுட்ட இன்னிக்கு" என்றாள் நித்யா. "கங்கைக்கு பாகீரதின்னு ஏன் பேரு வந்துச்சு?"

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "பகீரதனுக்கு மகள் மாதிரின்னு."

"அப்போ பகீரதன் கார்த்திக் எப்படி ஆவாரு? அப்புறம் எனக்கு அப்பா முறை ஆயிடும், கல்யாணமே நடக்காது." ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினாள். "தண்ணிக்குள்ள போன பட்டறைய ஒத்த ஆளா மேல கொண்டாந்தது யாரு? பகீரதன் நீதான்பா. இவங்க ஆள மாத்திப் போட்டுட்டாங்க."

ஏகாம்பரம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அதத்தான் சொல்ல வந்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் மருமகள் எனக்காகத் தயாரித்துத் தந்த வரைவு. கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. ஆனால் படிக்காத தாளில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை அரைமணி நேரமாகத்தான் அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல சம்பந்தி" என்றேன். "வேளச்சேரிக்கு மோனையா வேற வார்த்தை கிடைக்கல. ஓசைய மட்டுந்தான் பார்த்தேன். அர்த்தத்த நான் பார்க்கவே இல்ல. மன்னிச்சுடுங்க."

"அர்த்தமே பார்க்கலியா?"

"சத்தியமா இல்ல."

"முப்பத்து நாலு வருசம் ஆபீசுல உத்தியோகம் பார்த்தீங்களே."

எப்போது வந்தாரோ தெரியவில்லை, என் பின்னால் நின்றிருந்த இவர், "அங்கேயும் அப்படித்தான் சம்பந்தி" என்றார்.

ஏகாம்பரத்தின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு சத்தம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வஞ்சகத்தோடு எழுதியிருந்தால் அந்த மனிதர் மன்னித்திருக்கவே மாட்டார். மடத்தனத்தோடு எழுதியிருக்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு பெரிய பாரம் இறங்கிவிட்டது. எனக்கும்தான். முட்டாள் என்று பெயர் வாங்குவதில் இவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் பல வருஷங்களுக்கு முன்பே வாங்கியிருப்பேன்.

அவர் மேடைக்குப் போய் மைக்கை எடுத்து, யாரும் கிளம்ப வேண்டாம், பந்தி தயார் என்று சொன்னார். பிறகு, பாட்டில் வரும் பகீரதன் நான்தானாம், என் பொண்ணு சொல்லிச்சு என்றார். பெண் வீட்டு வரிசையில் அன்று முதல் முறையாகக் கைதட்டல் கேட்டது. தோளில் ஏறிய கைப்பைகள் மடிக்கு இறங்கின. படகு கேட்ட தங்கை கணவரை என் மாமனார் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த ஆள் அன்று பந்தியில் பெண் வீட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

நான் ஒரு மூலையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டேன். உப்பு தூக்கல். அவ்வளவு ருசியான சாம்பாரை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை. பொன்னி டீச்சர் வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தார். கண்ணாடிச் சட்டத்தைத் திருப்பி, பின்பக்கத்து அட்டையில் கைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவால் எழுதிக் காட்டினார். ஓசை நயம், மிக நன்று. பொருள் நயம், மீண்டும் எழுதி வரவும். கீழே கையெழுத்து. நான் எழுதிய தாளுக்குக் கிடைத்த முதல் முறையான மேலொப்பம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குத் தாலி ஏறியது. அந்த நிமிஷம் வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஐயர் அட்சதை கேட்டபோதுகூட தட்டை ஜாடையில்தான் காட்டினேன்.

அந்தச் சட்டம் எந்தக் கட்டிலுக்கு அடியிலும் போகவில்லை. ஏகாம்பரம் கேட்டு வாங்கிப் போய்ப் பட்டறையில் மாட்டினார். அந்த வருஷத்துத் தண்ணீர் சுவரில் விட்டுப்போன கோட்டுக்கு ஒரு முழம் மேலே. மோட்டார் கொண்டுவருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால் மூன்றாம் அடியைத் தொட்டுக் காட்டி, "இது நான்" என்பாராம்.

வீட்டில் என் பாடுதான் கஷ்டம். யாரையாவது நான் பாராட்ட வாயெடுத்தால் கார்த்திக் கையைத் தூக்குவான். "அம்மா, 'போல' போட்டுச் சொல்லு." நித்யா செய்த ரசம் அமுதம் என்று நான் சொல்ல முடியாது. அமுதம் போல என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கும் அவள் விடமாட்டாள். அமுதத்துக்காகப் பாற்கடலைக் கடைந்தபோது முதலில் என்ன வந்தது என்று யோசித்தீர்களா அத்தை என்பாள். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. கார்த்திக்கும் நித்யாவும் அடையாறுக்குக் குடிபோயிருந்தார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, வாசற்படி தாண்டி, மயிலாப்பூரில் ஒருநாளும் நடக்காது என்று நான் எல்லோரிடமும் சொல்லிவந்த விஷயம் எங்கள் கூடத்திலேயே நடந்தது. எந்த எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும், புகார் எண் வாங்கிய பிறகு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். முறைப்படி எல்லாம் செய்தேன். முறைப்படி யாரும் வரவில்லை.

காலை பதினொரு மணிக்கு மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் தெருமுனையிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். தோளில் ரப்பர் குழாய்ச் சுருள். பின்னால் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் தார்ப்பாய் போர்த்திய டீசல் மோட்டார். ஏகாம்பரம். நாற்காலி மேல் கால் தூக்கி உட்கார்ந்திருந்த என்னையும், கட்டில் மேல் தலையணை சாய்த்துப் படுத்திருந்த என் மாமனாரையும், நடுக்கூடத்தில் மிதந்த செருப்புகளையும் பார்த்தார்.

"அடிமுதலாய்னு எழுதினீங்க, சம்பந்தியம்மா. முழங்கால் வரைக்கும் வந்துகீது" என்றார். "மீதியும் வர்ற வரைக்கும் இருக்கணுமா, மோட்டார போட்டுடலாமா?"

போடச் சொன்னேன். குழாயின் ஒரு முனையைக் கூடத்தில் விட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் தெருமுனைக் கால்வாயை நோக்கி நடந்தார். தண்ணீர் அவருக்குப் பின்னால் போயிற்று. புராணத்தில் அந்தக் காட்சியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்றுதான் நம்பினேன். மாலைக்குள் தரை தெரிந்தது.

அதற்குப் பிறகு சென்னையில் எங்கே மேகம் கறுத்தாலும் அடையாறிலிருந்து என் பிள்ளையின் போன் வந்துவிடுகிறது. நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அம்மா, இன்னைக்கு எதுவும் எழுதலையே?"